செல்வி என்றே இளைப்பாறியவர்கள்

எமது கல்லூரியின் பழைய ஆசிரியர் இடாப்புகளைப் புரட்டினால் "செல்வி" என்று தொடங்கும் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும். அவர்களுட் பலர் முப்பது வருடம் படிப்பித்து, செல்வியாகவே இளைப்பாறியவர்கள். நாங்கள் எல்லோரையும் "மிஸ்" என்றுதான் அழைத்தோம். பேரப்பிள்ளை கண்டவரும் எங்களுக்கு மிஸ்தானே! அதனாற்போலும், மணமுடிக்காமல் இருந்தவர்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நூற்றாண்டு மலரிலாவது அது நடக்கட்டும்.

எங்கள் பெண்கல்வியின் தொடக்கமே கலியாணத்தோடு பிணைந்தது. 1824 இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தபோது, பெண்பிள்ளை படித்தால் யார் கட்டுவார் என்பதே பெற்றோரின் முதற் கேள்வி. படிப்பை முடித்து மிஷனின் சம்மதத்தோடு மணமுடிக்கும் பெண்ணுக்குச் சீதனம் கொடுக்க மிஷனே முன்வர வேண்டியிருந்தது. அந்தப் பாடசாலைக்குத்தான் 1840 இல் எலைசா அக்னியூ வந்து சேர்ந்தார். மணமாகாதவர். சுமார் நாற்பது வருடம் அங்கே அதிபராக இருந்து, 1883 இல் இந்த மண்ணிலேயே கண்மூடினார். இடையில் ஒரு தடவையேனும் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பித்த அவரை "ஆயிரம் மகள்மாரின் தாய்" என்றார்கள். புகழ்ச்சிதான். ஆனாலும் கலியாணம் முடிக்காத ஒரு பெண்ணைப் பாராட்டுவதற்குக்கூட அவரைத் தாயாக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

துறவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1869 இல் நல்லாயன் கன்னியர் இலங்கைக்கு வந்து கொட்டாஞ்சேனையில் பாடசாலை தொடங்கினார்கள். "சிஸ்டர் ஏன் கட்டவில்லை?" என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்திலும் ஒளவையார் பிள்ளையாரிடம் முதுமையை வரமாக வாங்கி மாப்பிள்ளைமாரிடமிருந்து தப்பினார் என்றுதானே கதை. காவியோ நரையோ இருந்தால் ஊர் விட்டுவிடும். சேலை கட்டி, குடை பிடித்து, காலையில் 'பஸ்' ஏறிப் படிப்பிக்கப் போகும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணைத்தான் அது விடுவதில்லை.

மிஷன் பாடசாலைகளுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியைகள் பழகிய உலகமும் வேறானதல்ல. அங்கே கலியாணம் முடித்தால் ஆசிரியை வேலையை விடவேண்டும் என்ற விதி பல இடங்களில் இருந்தது. இலண்டன் நகரசபை அதை 1935 இல் கைவிட்டது. நாடு முழுவதற்குமாக 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் நீக்கியது. ஆகவே அங்கே படிப்பிப்பவள் கட்டக்கூடாது. இங்கே கட்டாதவளைப் பார்த்து "பாவம்" என்பார்கள்.

1905 இல் வடக்கு ரயில் பாதை பூர்த்தியானதும், பிறகு 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் எங்கள் மிஸ்மாரின் கதையில் முக்கியமானவை. ஊரிலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கியவர்கள் அவர்கள். சம்பளத்தில் ஒரு பகுதி மாதா மாதம் காசுக்கட்டளையாக ஊருக்குப் போகும். அதில் தம்பி படிப்பான், தங்கைக்குச் சீதனம் சேரும். "வீட்டில் குமர் இருக்கு" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள், மற்றக் குமர்களைக் கரைசேர்த்துவிட்டுத் தாங்கள் கரையிலேயே நின்றார்கள். அவர்களுட் சிலர் விரும்பியே அப்படி இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோரையும் தியாகிகளாக்குவதும் ஒருவகை இரக்கப்பார்வையே.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1706-07 இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, சீதனம் பெற்றுப்போன மகள் பெற்றோரின் சொத்தில் மேலும் பங்கு கேட்க முடியாது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது. மணமாகாதவளுக்கு அந்தத் தடை இல்லை. உரும்பிராயில் பக்கத்துப் பக்கத்துக் காணி வைத்திருக்கும் இரு சகோதரிகளில், செல்வியின் ஒற்றைக் கையொப்பம் செல்லும், திருமதியினது செல்லாது. ஆனால் கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடுவது திருமதியைத்தான். மணப்பெண்ணின் படிப்புச் செலவையே கொடுத்த பெரியம்மா பின்வரிசையில் இருப்பா.

இந்தப் பார்வைக்கு ஆங்கிலத்தில் ஒரு தனிச் சொல்லையே உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் பெல்லா டிபோலோ. 2006 இல் இதுபற்றி நூலும் எழுதினார். மணமானவர் என்றால் பொறுப்பானவர், நிதானமானவர் என்றும், தனித்தவர் என்றால் முதிர்ச்சியற்றவர், தன்னலக்காரர் என்றும் ஆளை அறியாமலே மனிதர் தீர்ப்பெழுதுவதை அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஜேர்மனியில் 24,000 பேருக்கு மேற்பட்டோரின் 15 வருட விபரங்களை வைத்துச் செய்யப்பட்டு 2003 இல் வெளியான இன்னோர் ஆய்வு, கலியாணத்தையொட்டிக் கூடும் மகிழ்ச்சி சிறிது காலத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது என்கிறது. எங்கள் அம்மாமாருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், மறுக்க மாட்டார்கள்.

முதுமையில்தான் வித்தியாசம் காசாகத் தெரியும். அரச ஓய்வூதியம் பெறுபவர் இறந்தபின் கணவனுக்கோ மனைவிக்கோ, தகுதியுள்ள பிள்ளைகளுக்கோ உதவ ஏற்பாடு உண்டு. பெண் உத்தியோகத்தரின் கணவனுக்கு அது 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. நாற்பது வருடம் ஒரே கூரையின் கீழ் சமைத்துச் சாப்பிட்ட இரு சகோதரிகளில் ஒருவர் போனால், மற்றவருக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

எங்கள் பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். நினைவுப் பரிசுகளில் அநேகம் தாயின் நினைவாக மகள்மார் வைத்தவை. கணிதத்துக்கும் தமிழுக்கும் தையலுக்கும் உயிரைக் கொடுத்த செல்விமாரின் பெயர்கள் அங்கே அரிது. பணம் கட்டி வைக்க அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வகுப்பு வகுப்பாக ஒன்றுகூடும் நாம் அந்த இடத்தை எடுக்கலாம். தங்கள் மிஸ்ஸின் பெயரில் பரிசொன்று வைக்க விரும்பும் வகுப்பினர், அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் சங்கச் செயலாளருக்கு எழுதினால், வருகிற வருட நிரலிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.