ஜேசன் கென்னி: 7 ஒலிம்பிக் தங்கங்களுடன் பயிற்சியாளரான சைக்கிள் வீரர்

ஒலிம்பிக் வரலாற்றில் பிரிட்டனுக்காக அதிகத் தங்கப் பதக்கங்களை வென்றவர் டிராக் சைக்கிள் பந்தய வீரர் ஜேசன் கென்னி. 7 தங்கம், 2 வெள்ளி என 9 பதக்கங்களைக் குவித்த அவர், 2022 பிப்ரவரியில் தமது 33-ஆவது வயதில் ஓய்வு பெற்று, பிரிட்டன் ஆடவர் ஸ்பிரின்ட் அணியின் பயிற்சியாளரானார்.

இங்கிலாந்தின் போல்டன் நகரில் 1988 மார்ச் 23-இல் பிறந்த கென்னி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கிறிஸ் ஹோய், ஜேமி ஸ்டாஃப் ஆகியோருடன் அணி ஸ்பிரின்ட் தங்கத்தை வென்றார். தனிநபர் ஸ்பிரின்ட் இறுதியில் ஹோயிடம் தோற்று வெள்ளி பெற்றார்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஒவ்வொரு தனிநபர் பிரிவிலும் நாட்டுக்கு ஒருவரே பங்கேற்க முடியும் என்ற விதி இருந்தது. நடப்புச் சாம்பியனான ஹோய்க்குப் பதிலாக, ஸ்பிரின்ட் பிரிவுக்குக் கென்னி தேர்வானார். பிரான்சின் கிரெகரி பாஜேவை வீழ்த்தித் தங்கம் வென்று, அந்தத் தேர்வு சரியே என நிரூபித்தார். அணிப் பிரிவிலும் தங்கம் கிடைத்தது. 2016 ரியோவில் அணி ஸ்பிரின்ட், தனிநபர் ஸ்பிரின்ட், கெய்ரின் என மூன்றிலும் தங்கம் வென்று, ஹோயின் 6 தங்கச் சாதனையைச் சமன் செய்தார்.

ரியோவுக்குப் பின் போட்டிகளிலிருந்து விலகியிருந்த கென்னி, 2017-இல் மீண்டும் களமிறங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அணிப் பிரிவில் வெள்ளியே கிடைத்தது. தனிநபர் ஸ்பிரின்ட்டில் பதக்கம் கைநழுவியது. எஞ்சியிருந்தது கெய்ரின் மட்டுமே.

கெய்ரினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனத்தின் பின்னே வீரர்கள் செல்வர். மூன்று சுற்றுகள் மீதமிருக்கையில் அது விலகியதும் முழுவேகப் போட்டி தொடங்கும். 2021 ஆகஸ்ட் 8-இல் நடந்த இறுதியில், தமக்குப் பின்னே இடைவெளி விழுந்ததைக் கவனித்த கென்னி, வாகனம் விலகும் தருணத்திலேயே முழுவேகத்தில் பாய்ந்தார். கடைசி வரை எவராலும் அவரை எட்ட இயலவில்லை. மலேசியாவின் அஸிசுல்ஹஸ்னி அவாங் வெள்ளியும், நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசன் வெண்கலமும் பெற்றனர். 2022 புத்தாண்டுக் கௌரவப் பட்டியலில் கென்னிக்கு 'சர்' பட்டம் அறிவிக்கப்பட்டது.

பாரிஸ் ஒலிம்பிக் வரை போட்டியிடும் விருப்பம் இருந்தபோதிலும், பயிற்சியாளர் வாய்ப்பை ஏற்றார். 2008 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஆடவர் ஸ்பிரின்ட் பிரிவுகளில் தங்கம் கண்ட பிரிட்டனுக்கு, 2024 பாரிஸில் அது கிட்டவில்லை. எனினும், கென்னி இல்லாத புதிய அணி, நெதர்லாந்துக்கு அடுத்ததாக அணி ஸ்பிரின்ட்டில் வெள்ளி வென்றது. ஜாக் கார்லின் தனிநபர் பிரிவில் வெண்கலம் பெற்றார்.

கென்னியின் மனைவி லாரா கென்னியும் டிராக் சைக்கிள் பந்தயத்தில் 5 ஒலிம்பிக் தங்கங்களை வென்றவர்.