மச்சான்: ஓர் உறவுப்பெயரின் வரலாறு

இலங்கைப் பல்கலைக்கழக விடுதிகளில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மொழிபெயர்ப்பின்றி வழங்கும் சொற்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது ‘மச்சான்’. சிங்களப் பேச்சில் அது ‘மச்சங்’ என ஒலிக்கும். இலங்கையர் பேசும் ஆங்கிலத்திலும் அது கலந்துவிட்டது. உபேர்ட்டோ பசோலினி இலங்கையைக் களமாகக் கொண்டு இயக்கி 2008இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயரும் அதுவே. நண்பனை விளிக்கும் இச்சொல் அடிப்படையில் ஓர் உறவுமுறைப் பெயர் என்பதை வழங்குவோர் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

மாமன் மகன், மாமி மகன், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன் ஆகியோர் மச்சான் எனப்படுவர். இவ்வாறு வேறுபட்ட உறவினர் ஒரே பெயராற் சுட்டப்படுதல் தற்செயலன்று. மாமன் மகளை மணக்கும் உரிமையுள்ள சமுதாயத்தில் மாமன் மகனே மனைவியின் சகோதரனும் ஆகின்றான். இம்மணமுறையைத் தென்னாட்டார்க்குரிய வழக்கமாகப் பௌதாயன தருமசூத்திரமே குறித்துள்ளமை ஈண்டு நோக்கற்பாலது.

சொல்லின் பிறப்பை ஆராயுமிடத்து, ‘மைத்துனன்’ என்னும் வடிவமே முற்பட்டது எனக் கொள்ளல் பொருந்தும். வைத்து என்பது வச்சு எனவும், தைத்தான் என்பது தச்சான் எனவும் பேச்சில் திரிதல்போல, மைத்துனன் மச்சுனன் ஆகிப் பின் மச்சினன் ஆயிற்று. மலையாளத்தில் மச்சுனன் என்னும் வடிவம் இன்றும் உண்டு. அத்தான், அம்மான் என்பவற்றின் சாயலில் மச்சான் அமைந்திருத்தல் கூடும். மைத்துனன் என்பதோ இணைதலைக் குறிக்கும் ‘மைதுன’ என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. மராத்தியில் மனைவியின் சகோதரனைக் குறிக்கும் ‘மேஹுணா’வும் அவ்வழி வந்ததே. வேட்டைக்காரர் மரத்தின்மேற் கட்டும் ‘மச்சான்’ என்னும் பரணுக்கும் இதற்கும் ஒலியொப்புமையன்றி வேறு உறவில்லை.

இனி, நட்பைக் குறிக்க உடன்பிறப்புப் பெயரொன்று அமையாது இப்பெயர் அமைந்தது ஏன்? தமிழிலே உடன்பிறந்தானை விளிக்குமிடத்து அண்ணன், தம்பி என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த மாத்திரத்தே ஒருவன் மேலும் மற்றவன் கீழுமாகின்றான். பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் இதுவே விதி. மச்சான் முறையில் அந்நிலை இல்லை. சிலவிடங்களில் மூத்தவரை அத்தான் எனப் பிரித்தழைப்பது உண்மையே. ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைத்தல் இயல்பு. அங்கே கேலிக்கும் உரிமை உண்டு. அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசுவதை மச்சானிடம் சொல்லலாம். காணிப் பங்கீட்டிலும் சகோதரரே போட்டியாளர், மச்சான்மார் அல்லர். எட்மண்ட் லீச் 1954இல் நுவரகலாவியக் கிராமமாகிய புல் எளியவில் ஆய்வு செய்து 1961இல் வெளியிட்ட நூல், சகோதரரிடையேயுள்ள இறுக்கத்தையும் மைத்துனரிடையேயுள்ள ஒத்துழைப்பையும் விரிவாக விளக்குகின்றது.

அக்கிராமம் சிங்களக் கிராமம் என்பது மனங்கொள்ளத்தக்கது. மொழியால் வேறுபட்ட போதிலும் சிங்களரின் உறவுமுறை அமைப்பு தமிழரதை ஒத்தது. அவர்தம் ‘மஸ்ஸினா’ நமது மச்சினனை ஒலியிலும் பொருளிலும் ஒப்பது வெளிப்படை. எனவே மச்சான் என்னும் விளி சிங்களப் பேச்சிற் புகுந்தபோது அந்நியமான கருத்தொன்றைக் கொண்டு செல்லவில்லை. அங்கே அதற்கான இடம் முன்னரே இருந்தது. கடன்வாங்கல் என்று மட்டும் இதனைக் கூறி அமைதல் போதாது.

வட இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. மனைவியின் சகோதரனைக் குறிக்கும் ‘சாலா’ இந்தியில் வசைச்சொல்லாக வழங்குகின்றது. பெண் கொடுத்தோர் பெண் கொண்டோரினும் தாழ்ந்தோர் என்னும் கருத்து அங்கே வேரூன்றியமையே காரணம். கொடுப்பதும் கொள்வதும் ஒரே குடும்பங்களுக்குள் மாறிமாறி நிகழுமிடத்து அத்தகைய தாழ்வு நிலைத்தல் அரிது. ஒரே உறவு ஓரிடத்து வசையாகவும் மற்றோரிடத்து நட்பாகவும் முடிந்தமைக்கு மணமுறையே விளக்கம் தருகின்றது.

மலேசியாவிலே ‘மச்சா’ எனக் குறுகிய இச்சொல்லை மலாயரும் சீனரும் தமிழரை விளிக்க ஆளுகின்றனர். தொனிக்கேற்ப அது நட்பாகவும் இகழ்ச்சியாகவும் கொள்ளப்படுகின்றது. பெண்பாற் பெயரின் கதை வேறு. யாழ்ப்பாணத்து ‘மச்சாள்’ உறவுப்பெயராகவே நின்றுவிட்டது. மட்டக்களப்பில் ‘மச்சி’ என்றால் முறைப்பெண்; சென்னையிலோ ஆடவன் தன் தோழனாகிய ஆடவனை அழைப்பதும் ‘மச்சி’ என்றே.