தாழிக்குள் இருப்பவரிடம் சம்மதம் கேட்பது யார்?

தென்மாவட்டங்களில் நிலத்தைத் தோண்டும்போது முதுமக்கள் தாழி தட்டுப்படுவது புதிதன்று. அதனுள் உள்ள எலும்பிலிருந்து, இறந்தவர் எந்த மரபுவழியில் வந்தவர் என்பதைக்கூட இன்று அறிய முயல்கிறார்கள். அவரிடம் அனுமதி பெற வழியில்லை. அப்படியானால் யாரிடம் பெறுவது? இக்கேள்வி எழுந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

அளவுகோலின் காலம்

1876இல் ஜெர்மானியரான ஜாகோர் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்து, கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அங்கு விரிவாக அகழ்ந்தார். அங்குக் கிடைத்த மண்டையோடுகளை ஆராய்ந்து 1930இல் ஸக்கர்மன் அறிக்கை வெளியிட்டார். மண்டையோட்டின் நீள அகலங்களைக் கொண்டு மனிதரை இனம் பிரித்த காலம் அது. அந்தப் பாகுபாட்டை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை.

அக்காலத்தில் எலும்பு வெறும் ஆய்வுப் பொருள். அதற்கு உறவினர் இருக்கலாம் என்ற எண்ணம் பின்னரே வலுப்பெற்றது. 2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது மண்டையோடுகளை இலங்கையின் வேடர் குலத் தலைவரிடம் திருப்பி ஒப்படைத்தது.

மரபணுவின் காலம்

கீழடியை அடுத்த கொந்தகையில் தாழிகள் கிடைத்தன. அவற்றில் இருந்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணுவியல் துறையினர் ஆராய்கின்றனர். இரு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் கணினியில் உருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியாயின.

வெப்ப நாட்டு மண்ணில் டி.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும். அரியானாவின் ராகிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தும், போதிய டி.என்.ஏ. ஒன்றிலிருந்து மட்டுமே கிடைத்தது. அம்முடிவு 2019இல் வெளியாயிற்று. பெரும்பாலும் எலும்பைத் துளைத்துப் பொடியாக்கியே சோதனை நடக்கும்; பொடியானது மீளாது. எனவே முன்கூட்டித் திட்டமிடுதல், எலும்புக்குச் சேதத்தைக் குறைத்தல், தொடர்புடைய மக்களைக் கலந்துகொள்ளுதல் ஆகியவற்றை வலியுறுத்தும் ஐந்து நெறிகளை 2021இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி வகுத்தனர்.

நேற்று மறைந்தவர்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவரை விடுங்கள். தளவாய்புரத்தில் ஒரு பெரியவர் காலமானார் என்று கொள்வோம். மருத்துவமனையில் அவருடைய இரத்த மாதிரியும் நோய்க்குறிப்பும் எஞ்சியிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தால் வெளிப்படுவது அவர் செய்தி மட்டுமா? அவருடைய மரபணுவில் பாதி மகளிடம் உண்டு. பேரனிடம் ஏறக்குறையக் கால் பங்கு உண்டு. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இப்பங்கு இன்னும் கூடும். பரம்பரை நோய் ஒன்று தெரியவந்தால், அது பேத்தியின் திருமணப் பேச்சுவரை எட்டக்கூடும்.

அமெரிக்காவின் ஹென்ரியட்டா லாக்ஸ் 1951இல் புற்றுநோயால் இறந்தார். அவரைக் கேளாமல் எடுத்த உயிரணுக்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பெருகி வருகின்றன. 2013இல் அவற்றின் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோது குடும்பத்தார் எதிர்த்தனர். அதன்பின், அத்தகவலை யாருக்குத் தருவது என்று ஆராயும் குழுவில் அவர்களில் இருவருக்கு இடம் தரப்பட்டது.

ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறந்தோருக்குப் பொருந்தாது. 2023இல் நம் நாடு இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தம் மறைவுக்குப்பின் தம் உரிமைகளைக் கையாள ஒருவரை நியமிக்க வழி உண்டு. ஆயினும் நியமிக்கப்படுபவர் ஒருவர். மரபணுவில் பங்குடையோர் பலர். இச்சிக்கலைச் சட்டம் மட்டும் தீர்த்துவிடாது.

இதனால் ஆராய்ச்சியே கூடாது என்பதன்று. நோய்களை வெல்லவும் வரலாற்றை அறியவும் அது தேவை. இறந்தவரால் பேச இயலாது என்பதாலேயே, முடிவின் பயனையும் பாதிப்பையும் ஏற்கப்போகும் உயிருள்ளோரை முன்னதாகக் கலந்துகொள்வது ஆய்வாளரின் கடமை.

உங்களுக்கும் இதில் பங்குண்டு. தாழி தென்பட்டால் உடைக்காமல் வட்டாட்சியருக்குத் தெரிவியுங்கள். மருத்துவமனையில் சம்மதப் படிவம் தந்தால், மாதிரி எத்தனை காலம், எதற்காக வைக்கப்படும் என்று கேட்டறிந்தபின் கையொப்பமிடுங்கள். உங்கள் விருப்பத்தை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.