சிசேரியனுக்கான முள்ளந்தண்டு விறைப்பு மருந்துகள்

சிசேரியனின்போது தாய் விழித்திருக்க, நெஞ்சுக்குக் கீழே வலி தெரியாதபடி முதுகில் ஏற்றப்படும் மருந்துகள். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஓகுஸ்ட் பியர் கொக்கெய்னைக் கொண்டு தொடங்கிய முறை இது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு தாய்மாருக்கு இது ‘முதுகில போடுற ஊசி’.

இலங்கையில் பெரிதும் பயன்படுவது 0.5 சதவீதக் கனப் பியூபிவக்கெய்ன். ஒரு மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம் குளுக்கோஸ் கலந்திருப்பதால் அது முள்ளந்தண்டு நீரைவிடக் கனமானது. மேசையைச் சரிக்கும் பக்கம் இறங்கும். 2 முதல் 2.5 மில்லிலீற்றர் போதும். ஸ்பிரிட் பஞ்சை மார்பு மட்டம்வரை தொட்டு, குளிரவில்லை என்று தாய் சொன்ன பிறகே கத்தி வைப்பார்கள். வெட்டுவது அடிவயிற்றில்தான், ஆனால் வயிற்றறைச் சவ்வின் வலி அவ்வளவு உயரத்து நரம்புகளிலும் ஏறும். விறைப்பு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கும்.

லிக்னோக்கெய்ன் விரைவாக வேலைசெய்யும், விரைவாக விட்டும்விடும். பின்னர் பிட்டத்திலும் கால்களிலும் எரிவு வருவதால் அதைப் பலரும் கைவிட்டனர். குளோரோபுரோக்கெய்ன் இன்னும் குறுகியது. பழைய தழும்பைப் பிரித்தெடுக்க நேரமானால் தாய் வலியில் துடிப்பாள். ரோப்பிவக்கெய்னும் லீவோபியூபிவக்கெய்னும் இதயத்துக்குப் பாதுகாப்பானவை என்பது பெரிய அளவில் மருந்து ஏற்றும்போதே பொருள்படும். முள்ளந்தண்டில் செல்வதோ பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம்தான். கால்கள் சற்று முந்தி அசையும் என்பதற்காக மட்டும் அவற்றை வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

எந்த மருந்தானாலும் குருதி அமுக்கம் சட்டென விழலாம். தாயை இடப்பக்கம் சரித்து, பினைலெஃப்ரின் ஏற்றித் தூக்கி நிறுத்துவது மருந்துத் தெரிவைவிட முக்கியம். பென்சில் முனை கொண்ட மெல்லிய ஊசி பின்வரும் தலையிடியைக் குறைக்கும்.

ஒரே மருந்தை நம்பியிருப்பதன் விலையை இந்நாடு அறியும். இறுதிப் போரில் வன்னிக்குச் சத்திரசிகிச்சைப் பொருட்கள் தடுக்கப்பட்டதை 2011இன் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை பதிவுசெய்தது. 2023இல் பேராதனையில் முதுகு ஊசிக்குப் பின் தாய்மார் இருவர் இறந்ததையடுத்து, ஏற்றப்பட்ட பியூபிவக்கெய்னின் தரம் கேள்விக்குள்ளானது. அம்மருந்து கையிருப்பில் இல்லாதபோது மிஞ்சுவது பெரும்பாலும் முழு மயக்கம். கர்ப்பிணியின் தொண்டை வீங்கியிருக்கும். குழாய் இறக்குவது கடினம். இரைப்பை நீர் நுரையீரலுக்குள் போகலாம். ஆகவே மாவட்ட வைத்தியசாலைக்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த புதிய மருந்தல்ல: தரம் சோதிக்கப்பட்ட கனப் பியூபிவக்கெய்ன் தட்டின்றி வருவதும், இரவிலும் மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் இருப்பதும்.