பசை வாடையும் 13 கருச்சிதைவுகளும்



காத்தோங்கில் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக் கடைத்தொகுதி ஒன்றின் படியோரம் செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். அடி பிய்ந்த செருப்பைக் கொடுத்தால், மஞ்சள் நிறப் பசையைத் தடவி, சற்று நேரம் காயவைத்து, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி ஒட்டித் தருவார். நான் பெரியம்மாவோடு அங்கே போகும்போதெல்லாம் ஒன்று நடக்கும். பசை டப்பாவின் மூடியைத் திறந்ததுமே பெரியம்மா பத்து அடி தள்ளிப் போய் நின்றுகொள்வார். "எங்க கம்பெனி வாசம்" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

1980களில் அவர் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். நாள் முழுவதும் பாகங்களுக்குப் பசை தடவி ஒட்டும் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஓவர்டைம் இருந்தால் இரவுச் சாப்பாடும் அங்கேதான். அந்த நாட்களில் அவருக்கு நான்காம் மாதத்தில் ஒரு கரு கலைந்தது. தண்ணீர் வாளியைத் தூக்கினாய், பப்பாளி தின்றாய், கண் பட்டுவிட்டது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பசையை யாரும் சொல்லவில்லை. அந்த வாளியைத் தூக்கியிருக்கக்கூடாது என்று பெரியம்மா இன்றும் சொல்வார்.

தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி இந்த மன்றத்தில் பேசும்படி என்னைக் கேட்டபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்த வாளிதான். நான் அறிவியல் படித்தவள் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொடர்புப் பட்டயம் வாங்கிவிட்டு ஒலிவாங்கி பிடிக்க வந்தவள். ஆனாலும் தேடிப் படித்ததில் 1992ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று கிடைத்தது. நம் ஊரில், நம் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் செய்த ஆய்வு அது. உலகம் முழுவதும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

முதலில் அந்த வாடையின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். டொலுயீன். கொலம்பியா நாட்டில் டோலு என்ற ஊரின் பெயர் கொண்ட மரப்பிசினிலிருந்து வந்த பெயர். பின்னாளில் நிலக்கரித் தாரிலிருந்தும் கச்சா எண்ணெயிலிருந்தும் அதை எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். சாயம், தின்னர், அச்சு மை, பசை என்று எதையெல்லாம் இளக்கித் தடவ வேண்டுமோ அதிலெல்லாம் டொலுயீனைக் கரைப்பானாகச் சேர்ப்பார்கள். தடவியதும் அது ஆவியாகிவிடும், பசை மட்டும் நிற்கும். ஆவி எங்கே போகும்? பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குள் போகும். அங்கிருந்து இரத்தத்துக்கும் மூளைக்கும், கர்ப்பிணியாக இருந்தால் நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டொலுயீன் பல ஆலைகளுக்குள் நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. அதற்கு முன்பு அங்கே இருந்தது பென்சீன். அது இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்ததும், அதைவிடப் பாதுகாப்பானது என்று இதைக் கொண்டுவந்தார்கள். புற்றுநோயைப் பொறுத்தவரை அது சரிதான். கருப்பையைப் பற்றிய கேள்வி பிறகுதான் வந்தது.

டொலுயீன் என்ற பெயர் தெரியாத மூத்தவர்களுக்கும் பசை முகரும் பழக்கம் நினைவிருக்கும். 1980களில் பிளாஸ்டிக் பையில் பசையை ஊற்றி முகர்ந்த பிள்ளைகளைப் பற்றி நாடே கவலைப்பட்டது. 1987இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில், கர்ப்ப காலத்தில் பசையோ சாயமோ முகர்ந்த தாய்மாரின் குழந்தைகளை மருத்துவர்கள் கவனித்தார்கள். சிறிய தலை, தாமதமான வளர்ச்சி, மதுவுக்கு அடிமையான தாய்மாரின் குழந்தைகளிடம் காணும் முகச்சாயல். 1985இல் இப்படி மூன்று குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அவையெல்லாம் அளவுக்கு மிஞ்சி முகர்ந்தவர்களின் கதைகள். சம்பளத்துக்காக எட்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசிக்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

அந்தப் பெண்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 1960களின் இறுதியில் அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் சிங்கப்பூரில் ஆலை போடத் தொடங்கின. சில ஆண்டுகளில் வானொலி, ஒலிபெருக்கி, தொலைக்காட்சிப் பாகங்கள் எல்லாம் இங்கிருந்து கப்பல் ஏறின. நுணுக்கமான வேலைக்குப் பெண்களின் விரல்தான் ஏற்றது என்றார்கள். சீன, மலாய், தமிழ்ப் பெண்கள், ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வந்த பெண்கள் என்று ஒரு தலைமுறையே அந்த வரிசைகளில் அமர்ந்தது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொழில்சார் மருத்துவத்தை வளர்த்தவர்களில் ஒருவர் பேராசிரியர் ஜெயரத்னம். அதற்கு முன்பு இலங்கையில் பூச்சிமருந்து நச்சைப் பற்றி ஆராய்ந்தவர். 1990இல் ஃபூ, ஜெயரத்னம், கோ ஆகிய மூவரும் ஒரு மின்னணு ஆலையில் 30 பெண்களுக்குக் கைத்திறன், நினைவாற்றல் சோதனைகள் வைத்தார்கள். டொலுயீனை அதிகம் சுவாசித்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து இங் ட்சே பின், ஃபூ, யூங் மூவரும் கருச்சிதைவைப் பற்றிக் கேட்டார்கள். அதுதான் நான் சொன்ன 1992ஆம் ஆண்டுக் கட்டுரை.

இடம், ஓர் ஒலிபெருக்கித் தொழிற்சாலை. பசையோடு வேலை செய்த மணமான பெண்கள் 55 பேர், அவர்களுடைய கர்ப்பங்கள் 105. அவர்கள் சுவாசித்த காற்றில் ஒரு மில்லியன் பங்குக்குச் சராசரியாக 88 பங்கு டொலுயீன் இருந்தது. குறைந்தது 50, கூடினால் 150. ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஆலையில் பசை வாடை அதிகம் எட்டாத பிரிவுகளில் இருந்த 31 பெண்கள், 68 கர்ப்பங்கள். வெளியில் தாய்சேய் நல மருந்தகங்களுக்கு வந்த 190 பெண்கள், 444 கர்ப்பங்கள்.

நூறு கர்ப்பங்களுக்கு எத்தனை கலைந்தன? மருந்தகப் பெண்களிடம் 4.5. அதே ஆலையின் மற்றப் பிரிவுகளில் 2.9. பசை வரிசையில் 12.4.

எண்ணைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 105இல் 12.4 விழுக்காடு என்றால் 13 கருச்சிதைவுகள்.

சந்தேகப்படுபவர் உடனே கேட்பார்: பசை வரிசைக்கு வந்த பெண்களே உடல் பலம் குறைந்தவர்களாக இருக்கலாமே? ஆய்வாளர்களும் அதை யோசித்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் வேலையில் சேர்வதற்கு முன்பு உண்டான கர்ப்பங்களையும் சேர்ந்த பிறகு உண்டானவற்றையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். முன்பு நூற்றுக்கு 2.9, பிறகு 12.6. பெண்கள் அதேதான், உடம்பும் அதேதான்.

இதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியுமா? முடியாது. வேலைக்குப் பின் வந்த கர்ப்பங்களில் பெண்ணுக்கு வயதும் கூடியிருக்கும். வயது கூடினால் கருச்சிதைவும் கூடும். பல ஆண்டுக்கு முன் நடந்ததை நினைவிலிருந்து சொல்லும்போது, ஆபத்தான வேலையில் இருந்தவர் நன்றாக நினைவு வைத்திருப்பார், மற்றவர் மறந்திருப்பார். 13 என்பதும் சிறிய எண்தான். ஆனால் இந்த ஆய்வு தனியாக நிற்கவில்லை. பின்லாந்தில் லின்ட்போம் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், டொலுயீனைச் சுவாசித்த காலணித் தொழிலாளிப் பெண்களிடமும் கருச்சிதைவு அதிகமாக இருந்தது. ஊரும் தொழிலும் வேறு, பசை ஒன்று.

என்னை உறுத்தியது அந்த 88தான். அப்போது பல நாடுகள் வைத்திருந்த வரம்பு 100. தலைசுற்றல், மயக்கம், கண் எரிச்சல் வராமல் இருப்பதற்காக வகுத்த வரம்பு அது. சராசரியைப் பார்த்தால் ஆலை அந்த வரம்புக்குள்தான் இருந்தது. அதாவது, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே இந்த 13 நடந்தது. பல நாடுகளின் சட்டம் தாய்மையைக் காக்கப் போதாமல் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியது அதனால்தான். வரம்புகளைப் பரிந்துரைக்கும் அமெரிக்க வல்லுநர் அமைப்பு ஒன்று பின்னர் 50க்கு இறங்கியது. 2007இல் 20க்கு வந்தது. காரணங்களில் ஒன்றாகக் கரு இழப்பையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டது. ஆனால் அமெரிக்கச் சட்டம் வேறு வழியில் போனது. 1989இல் அரசாங்கம் 200லிருந்து 100க்குக் குறைத்தது. 1992இல், நம் ஊர்க் கட்டுரை வந்த அதே ஆண்டில், நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. அங்கே சட்ட வரம்பு இன்றும் 200தான்!

பயந்துவிடாதீர்கள். வீட்டுச் சுவருக்கு ஒரு நாள் சாயம் அடித்ததையும், நகப்பூச்சு வாடையையும் இந்த 88ஓடு ஒப்பிடக்கூடாது. கர்ப்பிணிகள் சாயம் அடிக்கும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, சன்னலைத் திறந்துவைத்தால் போதும். நான் பேசுவது வருடக்கணக்கில் அந்தக் காற்றிலேயே உட்கார்ந்தவர்களைப் பற்றி.

மன்றத்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர், "அதற்கு மாற்றுப் பொருள் வந்திருக்குமே" என்றார். வந்தது. தென்கொரியாவின் யாங்சானில் ஒரு மின்னணுப் பாகத் தொழிற்சாலையில், ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஃபிரியானுக்குப் பதிலாகப் புதிய கரைப்பானைக் கொண்டுவந்தார்கள். 2-புரோமோபுரோப்பேன் என்று பெயர். 1995இல் ஆராய்ந்தபோது, 25 பெண்களில் 16 பேருக்குச் சினைப்பை செயலிழந்து மாதவிலக்கு நின்றிருந்தது. 8 ஆண்களில் 6 பேருக்கு விந்தணு பாதிக்கப்பட்டிருந்தது. வானத்துக்கு நல்லதா என்று பார்த்துவிட்டு வாங்கினார்கள். அமெரிக்கப் பகுதி மின்கடத்தி ஆலைகளிலும் கருச்சிதைவு கூடியது 1980களில் தெரிந்தது; கிளைக்கால் ஈதர் என்ற கரைப்பானோடு அதற்குள்ள தொடர்பை 1992இல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அங்கே அதைக் கைவிட்டார்கள். ஆனால் அதற்குள் அந்த வேலைகளில் பல ஆசியாவுக்கு வந்துவிட்டன.

ஒளிப்பதிவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு நடந்தது பசையாலா என்று யாராலும் சொல்ல முடியாது, பசையே இல்லாத இடத்திலும் நூற்றில் சில கலையத்தான் செய்யும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பதிமூணு பேருக்கும் போய்ச் சொன்னாங்களா?" என்றார். பிறகு, தன்னோடு வரிசையில் இருந்த இரண்டு பேரின் பெயரைச் சொன்னார். ஒருவர் பிடோக்கில் இருந்தாராம், இன்னொருவர் ஜோகூர். அவர்களுக்கும் அப்படி ஆனதாம். அப்போது பேசிக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். அதையெல்லாம் யார் பேசுவார்கள் என்றார். பிறகு எழுந்து போய், பழைய தொலைபேசிக் குறிப்பேட்டைத் தேடி அலமாரியைக் கலைக்க ஆரம்பித்தார்.