லண்டன்–சிட்னி வான்வழி: தொலைவும் காலமும்

உருண்டையான புவியின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதை பெருவட்டம் எனப்படும். அப்பாதையில் அளந்தால் லண்டனிலிருந்து சிட்னி ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இத்தொலைவைக் கடக்கும் காலம் ஒரு நூற்றாண்டில் வாரக்கணக்கிலிருந்து மணிக்கணக்காகச் சுருங்கியதில் விமானத்தின் வேகத்தைவிட, வழியில் தரையிறங்க வேண்டிய தேவை குறைந்ததற்கே பங்கு மிகுதி.

1919 நவம்பர் 12 அன்று லண்டனையடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து விக்கர்ஸ் விமி விமானத்தில் புறப்பட்ட ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள், இரு இயந்திரப் பணியாளர்களுடன் டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினை அடைந்து, 30 நாளுக்குள் வந்து சேர்பவருக்கு அந்நாட்டு அரசு அறிவித்திருந்த 10,000 பவுன் பரிசைப் பெற்றனர். அவர்கள் வானில் இருந்த நேரம் ஏறத்தாழ 135 மணி, அதாவது ஆறு நாளுக்கும் குறைவு. மீதி நாட்கள் தரையிலேயே கழிந்தன.

1935இல் இம்பீரியல் ஏர்வேஸும் குவாண்டாஸும் இணைந்து லண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியபோது பயணம் பன்னிரண்டரை நாள் பிடித்தது. பயணிகள் இரவுகளை விடுதிகளில் கழித்ததோடு, இத்தாலியுடன் வான்வழி அனுமதி குறித்த பிணக்கு இருந்தமையால் பாரிஸிலிருந்து பிரிண்டிசி வரை ரயிலிலும் சென்றனர்.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் இவ்வழி அறுந்தது. அதனை ஈடுசெய்ய, 1943 முதல் நீரில் இறங்கி எழும் காட்டலீனா விமானங்கள் பெர்த்துக்கும் இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே 5,600 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இந்தியப் பெருங்கடலை இடைநிற்காமல் கடந்தன. ஜப்பானிய விமானங்கள் உலவிய பகுதியை இருளில் தாண்டும்படி புறப்பாடு கணிக்கப்பட்டதால், 27 மணி முதல் 32 மணி வரை நீண்ட அப்பயணத்தில் இருமுறை கதிரவன் உதிப்பதைக் காண முடிந்தது. எடையின் பெரும்பகுதியை எரிபொருளே எடுத்துக்கொண்டதால் மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை.

போருக்குப் பின், 1947 டிசம்பர் 1 அன்று தொடங்கிய குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் சேவை சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ முதலிய இடங்களில் நின்று நான்கு நாளில் சிட்னியையும் லண்டனையும் இணைத்தது. 1959இல் வந்த ஜெட் விமானங்கள் காலத்தை மேலும் சுருக்கின. 1989இல் ஒரு போயிங் 747-400, கட்டணப் பயணிகள் இன்றி, லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லாப் பயணிகள் சேவை தொடங்கியது. ஏறத்தாழ 14,500 கிலோமீட்டருக்கு 17 மணி நேரம்.

எனினும் 2024 ஏப்ரலில் மேற்காசியப் பதற்றத்தால் ஈரானிய வான்பரப்பைத் தவிர்க்க நேர்ந்தபோது, இச்சேவை சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று. எரிபொருளின் கொள்ளளவு எவ்வளவு கூடினும், இடைப்பட்ட நாடுகளின் வானம் திறந்திருப்பதைப் பொறுத்தே பயணக் காலம் இன்றும் அமைகிறது.