தானோட்டிக் காரின் நன்மைகள்

தானோட்டிக் கார் என்பது கேமரா, ரேடார், லைடார் போன்ற உணரிகளால் சுற்றுப்புறத்தை அறிந்து, மனிதர் ஓட்டாமல் கணினியின் முடிவுப்படி சாலையில் செல்லும் வாகனம். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ., வாகனத் தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக வகுத்துள்ளது. நான்காம் நிலைக் கார், வரையறுக்கப்பட்ட பகுதிக்குள் ஓட்டுநரின்றியே ஓடும். கூகுளின் ஆய்வுத் திட்டமாக 2009இல் தொடங்கி, 2016இல் தனி நிறுவனமான வேமோ, 2020இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநரில்லா டாக்சிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

சாலைப் பாதுகாப்பு

சாலைப் பாதுகாப்பே தலையாய நன்மை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2021இல் சாலை விபத்துகளில் சுமார் 11.9 லட்சம் பேர் உயிரிழந்தனர். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு இவ்விபத்துகளே முதற்காரணம். குடிபோதை, தூக்கக் கலக்கம், கைபேசி பார்த்தல் ஆகியவை கணினிக்கு இல்லை. அது எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் கவனிக்கிறது.

பயணச் சுதந்திரம்

கார் ஓட்ட இயலாத முதியோரும் பார்வையற்றோரும் பிறர் துணையை எதிர்பாராமல் வெளியே செல்லலாம். 2015இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், ஸ்டியரிங்கும் பெடலும் இல்லாத கூகுள் காரில் பார்வையற்ற ஒருவர் தனியாகப் பொதுச்சாலையில் பயணம் செய்தார். சக்கர நாற்காலியில் வருவோருக்கு இப்பயன் கிட்ட, காரில் சாய்தளமும் வேண்டும்.

நெரிசலும் எரிபொருளும்

முன்னால் செல்பவர் சற்றே பிரேக் பிடித்தால், பின்னால் வருவோர் ஒவ்வொருவரும் அதைவிட அழுத்திப் பிடிப்பர். காரணமே தெரியாமல் நெரிசல் உருவாகும். அரிசோனாவின் டூசானில் நடந்து, 2018இல் வெளியான ஆய்வில், வட்டப்பாதையில் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஓடின. அவற்றுள் ஒன்றின் வேகத்தை மட்டும் கணினி சீராகக் கட்டுப்படுத்தியதும் நெரிசல் அலை அடங்கியது. எரிபொருள் செலவு 40 விழுக்காடு வரை குறைந்தது.

வரம்புகள்

2018இல் அரிசோனாவின் டெம்பியில் சோதனையில் இருந்த தானோட்டிக் கார் மோதி, சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். கனமழையும் ஒழுங்கற்ற போக்குவரத்தும் உணரிகளுக்குச் சவாலாக உள்ளன. ஓட்டுநர்களின் பிழைப்பும் பாதிக்கப்படக்கூடும். வீட்டுக்கொரு தானோட்டிக் கார் வந்து, அவை ஆளின்றியும் சுற்றினால் நெரிசல் மேலும் கூடும். பேருந்தும் ரயிலும் எட்டாத இடங்களுக்கு, பலர் பகிர்ந்துகொள்ளும் ஊர்தியாக இயங்கும்போதே இதன் நன்மை கார் வாங்க இயலாதவர்களுக்கும் கிடைக்கும்.